நீலத் தொப்பிக்காரி

அவள் பேர் எங்களுக்குத் தெரியாது. எங்கள் கம்பெனிக்கு வியட்நாமிலும் ஒரு பேக்டரி இருக்கிறது. அங்கே ஷூ தைக்கிறவள். தலையில் நீலத் தொப்பி போட்டிருப்பாள். அதனால் நீலத் தொப்பிக்காரி என்று நாங்களே பேர் வைத்துவிட்டோம். ஒரு வருஷமாக அவளைத் தினமும் திட்டினோம். சொந்த நாத்தனாரைக்கூட நான் அத்தனை திட்டியதில்லை.

எங்கள் பேக்டரி திண்டிவனத்துக்கு வெளியே, பைபாஸ் பக்கம். ஓடுகிறவர்கள் போடுகிற ஷூ அமெரிக்காவுக்குப் போகிறது. நாங்கள் தைப்பது அதன் மேல்பாகம். ஒருத்தி ஷூவின் நாக்கை வைத்துத் தைப்பாள், ஒருத்தி குதிகால் பட்டை, ஒருத்தி மூக்கு வளைவு. கடைசி மேசைக்குப் போய்ச் சேரும்போது அது ஒரு காலுக்கான உருவத்துக்கு வந்திருக்கும். நான் குதிகால் பட்டை. எனக்கு அடுத்த மெஷினில் சங்கவி, மூக்கு வளைவு. எங்களுடையது ஏழாம் லைன்.

கேன்டீன் வாசலில் ஒரு டிவி மாட்டியிருந்தார்கள். அதில் பாட்டு ஓடாது, சீரியல் ஓடாது. நீலத் தொப்பிக்காரிதான் ஓடுவாள். சாம்பார் சாதத்துக்கு வரிசையில் நிற்கும்போதும் அவள் தைத்துக்கொண்டே இருப்பாள். தலை நிமிராது, கை நிற்காது. அவள் துணியைத் திருப்புகிறாளா, துணி தானாகத் திரும்புகிறதா என்றே தெரியாது. கீழே பெரிய எழுத்தில் அவர்கள் லைனின் கணக்கு நிற்கும்: மணிக்கு நூற்றிருபது ஜோடி. நாங்கள் எண்பதைத் தாண்டினாலே எங்கள் சூப்பர்வைசர் தேவசகாயம் சார் முகத்தில் சிரிப்பு வரும் காலம் அது.

மேனேஜர் சீனுவாசன் மாதம் ஒரு தடவை எங்களை நிற்க வைத்துப் பேசுவார். எல்லா மாதமும் ஒரே பேச்சுதான். வியட்நாம்காரிக்கு எங்களைப்போல் இரண்டு மடங்கு சம்பளம். அமெரிக்காக்காரி ஒருத்திக்குக் கொடுக்கிறதில் எங்கள் லைனில் பாதிப் பேருக்குக் கொடுத்துவிடலாம். அப்படி இருந்தும் நம்முடைய ஷூ மலிவாக இல்லையே, ஏன்? எங்கள் கை மெதுவாகப் போகிறது. நம்ம நாட்டுக்கு ஆண்டவன் கொடுத்திருக்கிற ஒரே வசதி குறைந்த கூலி, அதையும் நீங்கள் சோம்பலில் கெடுத்துவிடுகிறீர்கள் என்பார். குறைந்த கூலியை வசதி என்று சொன்ன மனுஷனை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன். யாருக்கு வசதி என்று அவர் சொல்லவில்லை.

"பாதி சம்பளத்துக்கு பாதி வேகம்தானக்கா வரணும். நாம அதுக்கு மேலயே குடுத்துக்கினு கீறோம்" என்று சங்கவி என் காதில் சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். சொன்னவள் சாமி மாதிரி நின்றாள். சிரித்த எனக்கு எச்சரிக்கைச் சீட்டு கிடைத்தது.

சங்கவி எங்கள் ஊர்க்காரிதான். விக்கிரவாண்டியிலிருந்து உள்ளே போகிற ரோட்டில் மாதா கோயில் தெரு எங்களுடையது, ஏரிக்கரைத் தெரு அவர்களுடையது. அவள் அப்பா அப்பாதுரை சொந்த நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கரும்பும் போடுகிறவர். அவளை அனந்தபுரத்தில் ஆனந்தராஜ் என்கிறவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மல்லாட்டை வாங்கி விற்கிற வியாபாரி. வெள்ளைச் சட்டை, வாய் நிறைய மாமா, மச்சான். வீட்டுக்குள் அடிப்பான். அந்தத் தடம் தெரியாமலிருக்க முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் அவள் பிறந்த வீட்டுக்கு வந்தாள். வந்தவள் திரும்பிப் போகவில்லை.

பொண்ணு புருஷனை விட்டு வந்துவிட்டாள் என்று அப்பாதுரை யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு அது வாயில் வராது. கம்பெனி பஸ் நம்ம ஊர் வழியாகத்தான் வருகிறது, அனந்தபுரம் பக்கம் போவதில்லை, அதனால் பொண்ணு இங்கிருந்து வேலைக்குப் போகிறாள் என்று சொல்லி வைத்தார். ஊரும் நம்பியதாகக் காட்டிக்கொண்டது. ஆனந்தராஜும் கடைத்தெருவில் அதையே சொன்னானாம். அவனுக்கும் மானம் இருக்கிறதே. ஆக, காலையில் வந்து ஹாரன் அடிக்கிற அந்த மஞ்சள் பஸ் எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருக்கிற வரைக்கும் சங்கவி அனந்தபுரம் போக வேண்டியதில்லை. எங்களுக்கெல்லாம் வேலை என்றால் சம்பளம். அவளுக்கு வேலை என்றால் அந்த பஸ்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. அதற்கு ஊறுகாய் என்று பேர். கை நன்றாக ஓடுகிற நாளில், கேட்ட கணக்குக்கு மேல் தைத்ததை, மணிக்கு மணி கணக்கு எழுதுகிற பலகையில் ஏற்றாமல், பாதி தைத்த நிலையிலேயே வேஸ்ட் துணி மூட்டைக்குள் ஒளித்து வைப்போம். ஒருத்திக்கு வயிற்று வலி வந்தாலோ, ஒருத்தி வீட்டுச் சண்டையில் அழுதுவிட்டு வந்து கை ஓடாமல் உட்கார்ந்தாலோ, ஊறுகாயிலிருந்து எடுத்துப் போட்டு அந்த மணி நேரத்தைச் சமாளிப்போம். கம்பெனி சட்டப்படி இது பதுக்கல். பிடிபட்டால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள், எட்டாம் லைனில் ஒருத்தியை அனுப்பியும் இருக்கிறார்கள். எங்கள் மூட்டை சங்கவியின் மேசைக்கு அடியில் இருந்தது. தூண் மறைப்பது அவள் இடத்தை மட்டும்தான்.

போன பிப்ரவரியில் எங்கள் ஊர் லூர்து மாதா திருவிழா வந்தது. தேர் அன்றைக்கு லீவு கேட்டோம். கன்டெய்னர் கிளம்ப வேண்டும், கிடையாது என்றார்கள். தேவசகாயம் சாரும் எங்கள் கோயில்காரர். அவர் போய் இரண்டு தடவை கேட்டதில் மேனேஜர் ஒரு வழி சொன்னார். அன்றைக்கு உள்ள கணக்கை எப்போது முடிக்கிறீர்களோ அப்போது கிளம்பலாம், பஸ் விடுகிறேன். முடிக்க மாட்டோம் என்ற தைரியத்தில் சொன்னார்.

சங்கவிதான் வழி கண்டுபிடித்தாள். கொடியேறின நாளிலிருந்து தினமும் ஊறுகாய் போடுவோம், தேர் அன்றைக்கு மொத்தமாக எடுத்துவிடுவோம் என்றாள். அவள் மாதா கோயில்காரி இல்லையே என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அவள் தெருவும் தேர்மேல் உப்பும் மிளகும் போடுகிற தெருதான். டீ நேரத்தில் தைத்தோம், சாப்பாட்டு நேரத்தில் பாதியை விட்டுத் தைத்தோம். தேருக்கு முந்தின நாள் அவள் மேசைக்கு அடியில் கால் வைக்க இடமில்லை. மூட்டைமேல் ஒரு காலை வைத்துக்கொண்டு மறு காலால் மெஷினை மிதித்தாள்.

தேர் அன்றைக்கு ஒருத்தியும் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் எழுந்து போக வேண்டும். மூட்டையிலிருந்து பாதி தைத்தது வந்துகொண்டே இருந்தது. என் குதிகால் பட்டை முன்பே தைத்துக் கிடந்ததால் நான் அடுத்தவர்கள் வேலையையும் சேர்த்துச் செய்தேன். எங்களில் பாதிப் பேர் வாய்க்குள் ஜெபமாலை சொன்னோம், மீதிப் பேர் எங்களுக்காகத் தைத்தார்கள். பலகையில் மணிக்கு மணி எண் ஏறுவதைப் பார்த்து பிரவீன்குமார் ஓடி வந்தான்.

பிரவீன்குமார் விழுப்புரத்துப் பையன், இன்ஜினியர். ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு யார் எந்தத் தையலை எத்தனை நொடியில் முடிக்கிறோம் என்று பார்ப்பதுதான் அவன் உத்தியோகம். கெட்டவன் இல்லை. அக்கா அக்கா என்றுதான் கூப்பிடுவான். அன்றைக்கு அவன் முகமெல்லாம் பல். செல்போனை ஒரு கம்பியில் நிறுத்தி எங்களைப் படம் எடுத்தான். நாங்களும் திருவிழாக் குஷியில் இருந்தோம். ஒருத்தி தலையில் பூவைச் சரி செய்துகொண்டாள். சங்கவி ஒரு தரம் நிமிர்ந்து போனைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தபடியே மூக்கு வளைவை முடித்து அடுத்த மேசைக்குத் தள்ளினாள். தூணுக்கு இந்தப் பக்கமிருந்து எடுத்ததால் மூட்டை படத்தில் விழவில்லை.

அன்றைய கணக்கை மதியமே முடித்துவிட்டோம். மேனேஜர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றி பஸ் விட்டார். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குப் பாடிக்கொண்டு போனோம். சாயங்காலம் தேர் வந்தபோது சங்கவி என் பக்கத்தில் நின்று இரண்டு கையாலும் உப்பை அள்ளிப் போட்டாள். அவளை அத்தனை சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை எங்கள் பலகையில் புது எண் இருந்தது. மணிக்கு நூற்றிமுப்பது.

கேன்டீன் டிவியில் நீலத் தொப்பிக்காரியைக் காணவில்லை. நாங்கள் இருந்தோம். சங்கவி நிமிர்ந்து சிரித்தாள், தைத்தாள், மறுபடியும் நிமிர்ந்து சிரித்தாள். மேனேஜர் எங்களைக் கைதட்டிப் பாராட்டினார். வியட்நாமையே முந்திவிட்டீர்கள், முடியும் என்று நீங்களே காட்டிவிட்டீர்கள், இனிமேல் இதுதான் என்றார். ஆளுக்கொரு டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள்.

அன்றைக்கு டாய்லெட் பக்கம் கூடியபோது, உள்ளதைப் பிரவீன்குமாரிடம் சொல்லிவிடலாம், அவன் பையன்தானே, புரிந்துகொள்வான் என்றேன். இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். சங்கவி சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கக்கா, வேணாங்கல. சொன்னா மொதல்ல என் டேபிளுக்கு அடியிலதான் குனிஞ்சி பாப்பாங்க. அந்த பஸ்ஸுல எனுக்கு எடம் இல்லன்னா நான் எங்க போவேன்னு உங்களுக்கே தெரியும்" என்றாள்.

எங்கள் லைனிலேயே வயசில் மூத்தவள் அஞ்சம்மாள் அக்கா. கையும் மெதுவான கை. அவள்தான் பேச்சை முடித்தாள்.

"எவளும் வாயத் தொறக்கக் கூடாது. தெச்சிக் கிழிப்போம் வாங்கடி."

அந்த அஞ்சம்மாள் அக்காதான் முதலில் போனாள். நூற்றிமுப்பதுக்கு அவள் கை ஈடுகொடுக்கவில்லை. தவக்காலம் முடிவதற்குள் அவளை மெஷினிலிருந்து எடுத்துப் பெருக்கப் போட்டார்கள். அப்புறம் அதிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். அவள் எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மற்றவர்கள் தைத்தோம். முதல் மாதம் நூறுகூட வரவில்லை, திட்டு வாங்கினோம். அப்புறம் நூற்றிப்பத்து. ஊறுகாய் போடுகிற வழக்கமே நின்றுபோனது. உபரி என்று ஒன்று இருந்தால்தானே ஒளித்து வைக்க? யாருக்காவது வயிற்று வலி வந்தால் வலியோடு தைத்தாள். முன்னெல்லாம் ஒருத்தி அழுதால் காரணம் கேட்போம். இப்போது கையைப் பார்த்துத் தையடி என்றோம். சங்கவி வலது மணிக்கட்டில் துணிக்கட்டு போட்டுக்கொண்டு தைத்தாள். மே மாதக் கடைசியில் ஒரு நாள், மூட்டை இல்லாமல், மாதா இல்லாமல், திருவிழா இல்லாமல், நிஜமாகவே நூற்றிமுப்பது வந்தது. நாங்கள் சொன்ன பொய்யை நாங்களே தைத்து உண்மையாக்கிவிட்டோம்.

அந்த மாதக் கூட்டத்தில் நான் கையைத் தூக்கிக் கேட்டேன். வேகத்தில் வியட்நாமை முந்திவிட்டோம் என்று நீங்களே சொல்கிறீர்கள், சம்பளத்தில் எப்போது சார் அவர்கள் பக்கத்திலாவது போவோம் என்று கேட்டேன். சீனுவாசன் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகத்தான் சொன்னார்.

"சம்பளத்தயும் ஏத்திட்டா, அப்பறம் நம்மகிட்ட எதுக்கும்மா வருவாங்க?"

கை மெதுவாகப் போனாலும் ஆர்டர் போய்விடும், கூலி ஏறினாலும் ஆர்டர் போய்விடும். அது இருக்க வேண்டுமானால் நாங்கள் மட்டும் ஓடிக்கொண்டே ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இதை நாட்டுக்கு முன்னேற்றம் என்று கேன்டீன் சுவரில் எழுதியும் வைத்திருந்தார்கள்.

ஜூலையில் அமெரிக்காவிலிருந்து ஷூ வாங்குகிற கம்பெனி ஆள் ஒருவர் வந்தார். தலை நரைத்த மனுஷர். எங்கள் லைனில் வெகு நேரம் நின்றார். சங்கவியின் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஏதோ சொன்னார். பிரவீன்குமார் தமிழில் சொன்னான். இவர் ஊரிலும் ஒரு ஷூ பேக்டரி இருந்ததாம், இவருடைய அம்மா அதில் மூக்கு வளைவுதான் தைத்தாராம். கூலி கட்டுபடியாகவில்லை என்று அதை மூடி, வேலையைத் தைவானுக்குக் கொண்டுபோனார்களாம். அங்கே கூலி ஏறியதும் சைனா, அப்புறம் வியட்நாம், இப்போது இங்கே. அந்தம்மா சாகிற வரைக்கும் வெளிநாட்டு ஷூவைக் காலில் போட மாட்டேன் என்று வீம்பாக இருந்தாராம். பிள்ளை வாங்கி விற்பதெல்லாம் வெளிநாட்டு ஷூ.

சங்கவி மெஷினை நிறுத்தினாள். வெளிநாட்டுக்காரர் முன்னால் நிறுத்தக் கூடாது என்பது தெரிந்தும் நிறுத்தினாள்.

"பேக்டரி மூடனப்பறம் அவங்கம்மா எங்க போனாங்கன்னு கேளுங்க சார்" என்றாள்.

பிரவீன்குமார் தயங்கிக் கேட்டான். அந்த மனுஷர் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். வீட்டில் இருந்தாராம்.

"வீட்லன்னா?" என்று கேட்டாள் சங்கவி. அதை பிரவீன்குமார் அவருக்குச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் மாதம் வரி வந்தது. இந்தியாவிலிருந்து வருகிற சரக்குக்கு அமெரிக்கா ஐம்பது சதவீதம் வரி போட்டுவிட்டது, வியட்நாம் சரக்குக்கு அதில் பாதிகூட இல்லை என்று பஸ் டிரைவர் செல்போனில் செய்தி பார்த்துச் சொன்னார். எங்களுக்கு முதலில் உறைக்கவில்லை. நம்மைவிடப் பணக்கார நாடு நம்மேல் எதற்கு வரி போட வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள். நாம் மலிவாகத் தைத்து அவர்கள் ஊர் வேலையைப் பிடுங்கிக்கொண்டோம் என்று அங்கே பேசிக்கொள்கிறார்களாம். தேவசகாயம் சார் இதை விளக்கியபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிடுங்கியவளின் மணிக்கட்டைப் பார்க்க வேண்டுமே. முகம் தெரியாத எவனோ ஒருவன் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டான், நாங்கள் பிப்ரவரியிலிருந்து உயிரை விட்டுச் சேர்த்த வேகம் அத்தனையும் அந்த ஒரு கையெழுத்தில் கரைந்துவிட்டது.

ஆர்டர் வியட்நாமுக்கே திரும்பிப் போனது. ஏழாம் லைனும் எட்டாம் லைனும் இனி இல்லை என்று சீனுவாசன் சொன்னார். அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது, அவர் நாற்காலியும் ஆடிக்கொண்டிருந்தது. வரி போடுவது நம்ம கையில இல்லம்மா என்றார். வேகம் மட்டும் எங்கள் கையில் இருந்தது. பிரவீன்குமாருக்கு மட்டும் நல்ல காலம். எங்கள் லைனை இத்தனை வேகமாக்கிக் காட்டியவன் என்று அவனை வியட்நாம் பேக்டரிக்கு அனுப்பினார்கள். கிளம்புகிற அன்று எங்களிடம் வந்து, உங்களாலதான்க்கா என்று மனசாரச் சொன்னான். எனக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, நல்லாயிரு என்று சொல்லவும் தோன்றியது. நல்லாயிரு என்றேன்.

இரண்டு லைன் போனதும் எங்கள் ஊருக்கு வருகிற பஸ் கட்டுபடியாகவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அது வராமல் போன மறு வாரமே ஆனந்தராஜ் எங்கள் ஊருக்கு வந்தான். கூட ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர், ஒரு சீப்பு வாழைப்பழம். பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. சண்டை என்று ஒன்று நடந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. நான் அப்போது அவர்கள் வீட்டு வாசலில் இருந்தேன்.

"பஸ்ஸுதான் இனிமே வராதே மாமா" என்றான், அவ்வளவுதான்.

அப்பாதுரை தலையைக் குனிந்துகொண்டார். அவர் சொல்லி வைத்த பொய்யையே அவன் திருப்பிப் போட்டான். அவள் அடிபட்டு வந்தாள் என்று அன்றைக்கே ஊரறியச் சொல்லியிருந்தால், இப்போது அனுப்ப மாட்டேன் என்று சொல்ல வாய் இருந்திருக்கும். நான் சொல்ல வாயெடுத்தேன். சங்கவி என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். வேறு வேலை தேடலாம், சென்னைப் பக்கம் ஹாஸ்டலில் தங்கிக்கொள்ளலாம் என்று அன்றைக்குப் பூராவும் சொல்லிப் பார்த்தேன். அங்கும் ஒரு டிவி மாட்டியிருப்பான் அக்கா, இந்தக் கையை வைத்துக்கொண்டு நான் இன்னொரு லைனில் உட்கார முடியாது என்றாள். வலது கையால் அவளால் ஒரு குடத்தைத் தூக்க முடியவில்லை.

அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கத் திண்டிவனம் போக வேண்டியிருந்தது. இருவரும் சேர்ந்து போனோம். அங்கிருந்தே அவளைக் கூட்டிப்போகிறேன் என்று ஆனந்தராஜ் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருந்தான். அனந்தபுரம் போக ஏறவேண்டிய செஞ்சி பஸ் நிற்கிற இடத்தில் அவள் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். எனக்கும் வாங்கி வரட்டுமா என்று மரியாதையாகக் கேட்டான். வேண்டாம் என்றேன்.

பஸ் கிளம்ப நேரம் இருந்தது. நான் செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பிரவீன்குமார் வியட்நாமிலிருந்து ஒரு வீடியோ போட்டிருந்தான். ஒரு பெரிய ஹால். சுவரில் டிவி. டிவியில் ஏழாம் லைன் ஓடுகிறது. கீழே எங்கள் எண், நூற்றிமுப்பது. டிவிக்கு முன்னால் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். முன்வரிசையில் நீலத் தொப்பி.

சங்கவி போனை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளேதான். டிவியில் பார்த்ததைவிட வயசு கூடித் தெரிந்தாள். வலது மணிக்கட்டில் பட்டையாக ஒரு கட்டு. தலை நிமிராமல் தைப்பவள் இப்போது நிமிர்ந்து நின்று, சிரிக்கிற சங்கவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சாம்பார் சாத வரிசையில் நின்று நாங்கள் அவளைப் பார்த்த பார்வை.

"என்னிய இன்னா திட்டு திட்டிக்கினு கீறா பாருங்கக்கா" என்றாள் சங்கவி. பிறகு, "அடியில மூட்ட இருந்துதுன்னு அவளுக்கு யாரு சொல்லுவாங்கக்கா?" என்றாள்.

அவள் வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். ஆனந்தராஜ் பஸ்ஸில் ஏறிச் சீட்டில் துண்டைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டான். அவள் போனை என் கையில் வைத்தாள்.

"நாம பாத்தமே அவ வீடியோ, அத எடுத்த அன்னிக்கி அவ ஊர்ல இன்னா திருவிழாவோக்கா."

சொல்லிவிட்டுப் போய் ஏறிக்கொண்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் கையை ஆட்டியபோதுதான் பார்த்தேன். அந்த வெயிலில் முழுக்கை ஜாக்கெட் போட்டிருந்தாள். அடி இனிமேல்தான் விழ வேண்டும். மறைக்க வேண்டியதை அவள் முன்கூட்டியே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பஸ் திரும்பிப் போகிற வரைக்கும் நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கேட்கிறவர்மேலும் கொஞ்சம் என்றுதான் சொல்வேன்.

இனிமேல் மறைத்து யாரைக் காப்பாற்ற? அங்கேயே ஓரமாக நின்று பிரவீன்குமாருக்குக் குரலில் எல்லாவற்றையும் பேசி அனுப்பினேன். தேர் அன்றைக்கு நீ எடுத்தது முழுக்கப் பொய்க் கணக்கு, ஒரு வாரத்து வேலை மூட்டையில் இருந்தது, அந்தப் பெண்களுக்கு அதைக் காட்டாதே, நிறுத்திவிடு என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, பூக்காரி திரும்பிப் பார்த்தாள்.

விக்கிரவாண்டி வழியாகப் போகிற பஸ்ஸைத் தேடி ஏறி உட்காருவதற்குள் பதில் வந்துவிட்டது. போனைக் காதில் வைத்துக் கேட்டேன். அவன் குரலில் கோபம் இல்லை, சந்தோஷமாகத்தான் பேசினான்.

"அதனால இன்னாக்கா, உடுங்க. இவங்க நேத்தே நூத்தி முப்பத்தஞ்சு அடிச்சிட்டாங்க."

நேற்று அங்கே என்ன திருவிழா என்று நான் அவனிடம் கேட்கவில்லை.